ஆழ்துளைக் கிணற்றில் இறங்கும் காமிரா: எந்த அளவுக்கு நம்பலாம்?

சென்ற வாரம் வரை ஒன்றரை அங்குலம் தண்ணீர் கொடுத்த ஆழ்துளைக் கிணறு இந்த வாரம் அரை மணி நேரத்தில் காற்று வாங்குகிறது. மோட்டாரை மேலே எடுத்துப் பார்க்கலாம் என்றால் 600 அடியில் எதிலோ சிக்கி அசைய மறுக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் "கல் விழுந்திருக்கும்" என்கிறார். மோட்டார் மெக்கானிக் "மண் சரிந்திருக்கும்" என்கிறார். ரிக் வண்டிக்காரரோ புதிதாக ஒரு துளை போட்டுவிடுவதே மேல் என்று யோசனை சொல்கிறார். ஆயிரம் அடி துளை என்றால் இன்று செலவு லட்சத்தைத் தாண்டும். மூன்று ஏக்கர் தென்னையும் மஞ்சளும் வைத்திருக்கும் ஒரு குடும்பம் இந்த மூன்று பேச்சில் எதை நம்பி முடிவெடுப்பது?

இந்த இடத்தில்தான் ஆழ்துளைக் கிணற்றுக் காமிரா வருகிறது. நீர் புகாத உலோக உறைக்குள் வைத்த சிறு வீடியோ காமிரா, அதைச் சுற்றி விளக்குகள், மேலே சுருளில் சுற்றிய நீண்ட கேபிள், படம் பார்க்க ஒரு திரை, எத்தனை அடி இறங்கியது என்று காட்டும் ஒரு சக்கரம். இவ்வளவுதான் கருவி. ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோடு முதல் கோவை, பல்லடம், காங்கேயம் வரை இதை வாடகைக்குக் கொண்டுவந்து பார்த்துச் சொல்லும் தொழில் வளர்ந்திருக்கிறது. சில இளைஞர்கள் கடன் வாங்கிச் சொந்தமாக வாங்குகிறார்கள். சில ஊர்களில் விவசாயிகள் பங்கு போட்டு வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். வாங்குபவர், வாடகைக்கு அழைப்பவர் இருவருமே இக்கருவியின் பலத்தையும் பலவீனத்தையும் அறிந்திருப்பது நல்லது.

தண்ணீரின் கனம்

"வாட்டர் புரூஃப்" என்ற சொல்லைக் கேட்டதும் எந்த ஆழத்துக்கும் போகும் என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீரில் இறங்க இறங்க அழுத்தம் கூடுகிறது. ஒவ்வொரு 33 அடி நீருக்கும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வீதம் கூடும். கார் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்று சுமார் இரண்டு கிலோ. ஆயிரம் அடி நீருக்கு அடியில் அழுத்தம் 30 கிலோ. காமிராவின் முன்புறக் கண்ணாடி நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ளதாக இருந்தால், அந்தச் சின்னக் கண்ணாடியின் மீது மட்டும் 375 கிலோ கனம் அழுத்தும். ஒரு நல்ல கலப்பினப் பசு அதன் மேல் ஏறி நிற்பதற்குச் சமம்.

இதில் ஒரு விவரம் கவனிக்கத்தக்கது. கணக்கில் வருவது துளையின் ஆழம் அல்ல, நீரின் ஆழம். துளை ஆயிரம் அடி, நீர் நிற்பது 400 அடியில் என்றால் அடியில் நிற்கும் நீர் 600 அடிதான். அழுத்தம் 18 கிலோ. ஆனால் மழைக்காலத்தில் நீர்மட்டம் மேலே வந்துவிட்டால் அதே துளையில் அழுத்தம் கூடிவிடும். கோடையில் நன்றாக வேலை செய்த காமிரா கார்த்திகையில் நீர் குடித்துவிட்டது என்று சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடைகளில் விற்கும் சாதாரண வீடியோ காமிராவோ கைப்பேசியோ இந்த வேலைக்கு ஆகாது. 2007-ல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் நீரில் முக்கக்கூடிய கைக்கடக்கமான வீடியோ காமிரா ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது தாங்கும் ஆழம் ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்து அடிக்குச் சற்றுக் குறைவு. இன்று விளையாட்டு வீரர்கள் தலையில் மாட்டிக்கொள்ளும் சிறு காமிராக்களில் நல்லவை மேலுறை இல்லாமல் 10 மீட்டர் வரை தாங்கும். கைப்பேசிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் "ஐபி 67" என்ற குறிக்கு, ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் வைத்துச் சோதித்தது என்று பொருள். "ஐபி 68" என்றால் அதைவிட அதிகம். எவ்வளவு அதிகம் என்பதைத் தயாரிப்பாளர்தான் தனியே சொல்ல வேண்டும். இவையெல்லாம் புதுக் கருவியை, அசையாத சுத்தமான நீரில் வைத்துச் செய்த சோதனைகள். நம் ஊர் உப்பு நீருக்கும் பாறைத் தூளுக்கும் அந்தச் சோதனையில் இடமில்லை.

திறந்த கிணற்றின் பக்கச் சுவரையோ, நீருக்குள் முப்பது அடிக்குள் கிடக்கும் ஃபுட் வால்வையோ பார்க்க வேண்டுமானால் இந்தச் சிறு காமிராவை நைலான் கயிற்றில் கட்டி இறக்கலாம், தவறில்லை. ஆழ்துளைக் கிணற்றில் இறக்கினால் அது திரும்பி வந்தாலும் படம் வராது.

மோட்டார் சொல்லும் பாடம்

இங்கே கோவை மோட்டாரை நினைத்துப் பார்க்கலாம். சப்மர்சிபிள் மோட்டாரும் அதே ஆழத்தில்தான் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. அது மட்டும் எப்படித் தாங்குகிறது? நம் பக்கத்தில் பெரும்பாலும் புழங்கும் மோட்டார்களின் உள்ளே தயாரிக்கும்போதே நீர் நிரப்பப்படுகிறது. உள்ளேயும் நீர், வெளியேயும் நீர். அழுத்தம் இரண்டு பக்கமும் சமமாகிவிடுகிறது. சுற்றுக் கம்பியின் மேல் நீர் புகாத உறை இருப்பதால் மின்சாரம் கசிவதில்லை. அதாவது அந்த மோட்டார் நீரை வெளியே நிறுத்தப் போராடுவதில்லை. நீரோடு சமாதானமாகப் போகிறது.

காமிராவுக்கு அந்த வழி இல்லை. அதன் லென்சும் மின்னணுப் பலகையும் உலர்ந்தே இருக்க வேண்டும். எனவே 18 கிலோவோ 30 கிலோவோ, அந்த அழுத்தத்தை உறையும் கண்ணாடியும் ரப்பர் வளையமும் தனியாகத் தாங்கியாக வேண்டும். மோட்டாரை விடக் காமிரா அடிக்கடி கெட்டுப்போவதில் வியப்பில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று. மோட்டார் புகைந்துவிட்டது என்று மேலே எடுத்துப் பார்த்தால், பல நேரம் மோட்டார் நன்றாக இருக்கும். வயர் ஜாயிண்ட் போட்ட இடத்தில் டேப் விட்டு நீர் புகுந்திருக்கும். காமிராவிலும் முதலில் கைவிடுவது கேபிள் வந்து தலையில் சேரும் இடமே. இழுத்துச் சுற்றும்போதெல்லாம் அந்த இடம்தான் மடங்குகிறது. கேபிளின் மேலுறையில் கேசிங் குழாயின் கூர்மையான விளிம்பு பட்டு ஒரு கீறல் விழுந்தால் போதும். அழுத்தத்தில் நீர் அந்தக் கீறல் வழியே புகுந்து, கேபிளுக்குள்ளேயே ஊர்ந்து தலைக்குப் போய்ச் சேரும். தலையில் எந்தக் கோளாறும் இல்லாமலே காமிரா போய்விடும்.

வைத்திருப்போர் படும் பாடு

ரப்பர் வளையம் மிகச் சிறிய பொருள், விலையும் அற்பம். அதன் மேல் ஒரு மணல் துகளோ தலைமுடியோ ஒட்டியிருந்தால் அத்தனை பெரிய அழுத்தமும் அந்த இடத்தில் வழி கண்டுபிடித்துவிடும். காமிராவை வெளியே எடுத்ததும் அங்கேயே திறந்து பார்ப்பது கெட்ட பழக்கம். முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். துடைத்து நன்றாக உலர்ந்த பிறகு, தூசியில்லாத இடத்தில் வைத்துத்தான் திறக்க வேண்டும். வளையத்தை விரலால் தடவிப் பார்த்து, வெடிப்போ தட்டையோ தெரிந்தால் உடனே மாற்றிவிட வேண்டும். கெடாமல் இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. கையில் கிடைத்த வண்டி கிரீஸைப் பூசக் கூடாது. சில வகை ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். தயாரிப்பாளர் சொன்ன கிரீஸை, மினுமினுப்பு தெரியும் அளவுக்கு மட்டும் பூசினால் போதும்.

அடுத்த தொல்லை கண்ணாடியின் உட்புறம் பனி படிவது. நீர் கசிந்துவிட்டது என்று பலர் பயந்து விடுகிறார்கள். பெரும்பாலும் கசிவு அல்ல. மழை நாளிலோ, வாய்க்கால் ஓரத்திலோ உறையைத் திறந்து மூடினால் ஈரக் காற்று உள்ளே சிக்கிக்கொள்கிறது. பிறகு கருவியை வெயிலில் போட்டு வைத்து, சூடான நிலையில் குளிர்ந்த நீருக்குள் இறக்கினால் அந்த ஈரம் கண்ணாடியில் படிகிறது. மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா உருண்டைப் பொட்டலம் ஒன்றை உள்ளே வைப்பதும், நீர்மட்டத்தைத் தொட்டதும் சில நிமிடங்கள் காமிராவை நிறுத்தி வைத்துப் பிறகு இறக்குவதும் இதற்கு மருந்து. உள்ளே துளி துளியாக நீர் திரண்டு ஓடினால்தான் கசிவு. அப்போது உடனே மின் இணைப்பை எடுத்துவிட வேண்டும்.

விளக்கும் ஒரு கவலை. நீருக்குள் இருக்கும்போது விளக்கின் சூட்டை நீர் வாங்கிக்கொள்கிறது. வறண்ட துளையில் அந்த வசதி இல்லை. காய்ந்த போரில் மணிக்கணக்கில் முழு வெளிச்சத்தில் ஓட்டினால் விளக்கு மங்கும், காமிராவும் சூடேறும். நம் ஊரில் காய்ந்த போர்கள்தான் அதிகம் என்பதால் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது.

உப்பு நீர் உலர்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் பிடிக்கும். அதைக் கத்தியாலோ மணலாலோ தேய்க்கலாகாது. கீறல் விழுந்த கண்ணாடியில் விளக்கொளி சிதறி, எல்லாப் போரிலும் மூடுபனி இருப்பது போலவே தெரியும். உலரும் முன்பே கழுவிவிட்டால் இந்தப் பாடு இல்லை.

இவற்றையெல்லாம் விடப் பெரிய இழப்பு, காமிராவே உள்ளே மாட்டிக்கொள்வது. ஆறரை அங்குலத் துளையில் மோட்டார்க் குழாய், அதன் இணைப்புகள், வயர், நைலான் கயிறு எல்லாம் தொங்கும்போது பக்கத்தில் மிச்சமுள்ள இடுக்கில்தான் காமிரா இறங்க வேண்டும். தளர்ந்த கயிற்றில் கேபிள் ஒரு முறை சுற்றிக்கொண்டால் இரண்டையும் இழுத்து அறுக்க வேண்டி வரும். குழாய் உள்ளே இருக்கும்போது காமிராவை இறக்கச் சொல்லும் விவசாயி, அது மாட்டினால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். இந்தப் பேச்சு இல்லாததால் வாய்த் தகராறு வருவது உண்டு.

படத்தில் எது தெரியும், எது தெரியாது

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் பெரும்பகுதி கெட்டிப் பாறை நிலம். மேலே மண்ணும் மக்கிய பாறையும், அதற்குக் கீழே கருங்கல். நீர் இருப்பது மக்கிய பாறையிலும் கருங்கல்லில் உள்ள வெடிப்புகளிலும்தான். இந்த வெடிப்புகளைக் காமிரா நன்றாகக் காட்டும். கேசிங் குழாய் முடியும் இடத்தில் மண் கரைந்து இடைவெளி விட்டிருப்பதும், வேர் நுழைந்திருப்பதும், துளையின் சுவரிலிருந்து பெயர்ந்த கல் குறுக்கே நிற்பதும் தெளிவாகத் தெரியும். குழாய் அறுந்து மோட்டார் விழுந்திருந்தால், குழாயின் முனை நடுவில் நிற்கிறதா, சுவரில் சாய்ந்திருக்கிறதா, கயிறு மேலே கிடக்கிறதா என்று பார்த்துவிட்டால், எந்தக் கொக்கியை எப்படி இறக்குவது என்று தீர்மானிக்கலாம். குருட்டாம்போக்கில் கொக்கி போட்டு, விழுந்ததை இன்னும் இறுக்கி விடுவதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல்.

தெரியாதவற்றையும் சொல்ல வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே சுவரிலிருந்து நீர் வடிவதைக் கண்ணால் பார்க்கலாம். நீர்மட்டத்துக்குக் கீழே ஊற்று வருகிறதா என்பதை, அந்த இடத்தில் தூசித் துகள்கள் நகர்வதைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டும். கறுப்பாகத் தெரியும் ஒவ்வொரு இடுக்கும் ஊற்று ஆகாது. அந்த ஊற்று மணிக்கு எத்தனை லிட்டர் தரும் என்பதைக் காமிரா சொல்லாது. மோட்டார் ஓட்டி அளந்தால்தான் தெரியும். துளைக்கு அடியில், இன்னும் நூறு அடி போட்டால் நீர் கிடைக்குமா என்பதை அது சொல்லவே சொல்லாது. காமிராவைக் காட்டி "கீழே தண்ணீர் இருக்கிறது, இன்னும் இறக்குங்கள்" என்று யாராவது சொன்னால், அது படத்தில் கண்டது அல்ல, அவருடைய வியாபாரம். நீரோட்டம் பற்றிய ஆய்வு வேண்டுமானால் வேளாண்மைப் பொறியியல் துறையின் அலுவலகத்தை அணுகி நில மின்தடை ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். அதுவும் உறுதிமொழி அல்ல. இருப்பினும் எலுமிச்சம்பழமும் தேங்காயும் வைத்துப் பார்ப்பதை விடத் தேவலை.

நீர் கலங்கியிருந்தால் எப்பேர்ப்பட்ட காமிராவும் பயனில்லை. மோட்டாரை வெளியே எடுத்த அன்றே காமிராவை இறக்குவது வாடகையை வீணடிப்பதாகும். குறைந்தது ஒரு நாள், களிமண் கலங்கலாக இருந்தால் இரண்டு மூன்று நாள் தெளியவிட வேண்டும். இறக்கும்போதும் மெதுவாக இறக்க வேண்டும். வேகமாகப் போனால் காமிராவே சுவரில் உரசிக் கலக்கிவிடும். போகும்போது பார்ப்பதுதான் சரியான படம். திரும்பி வரும்போது பெரும்பாலும் கலங்கல்தான். வெயிலில் திரை கண்ணுக்குத் தெரியாது. ஒரு கறுப்புக் குடையோ, தலையோடு சேர்த்து மூடிக்கொள்ள ஒரு போர்வையோ தயாராக இருக்கட்டும்.

அடிக்கணக்கு பொய்க்கலாம்

ஆழம் காட்டும் சக்கரத்தில் ஈரக் கேபிள் வழுக்கும். நூற்றுக்கு இரண்டு பங்கு வழுக்கினாலும் 600 அடியில் 12 அடி தப்பிவிடும். பார்ப்பதற்கு அற்பமாகத் தோன்றினாலும் இதில் பணம் இருக்கிறது. சுவர் சரியும் போரில் உட்குழாய் இறக்கும்போது, ஊற்று வரும் ஆழத்தில் ஓட்டை போட்ட குழாயும், மண் சரியும் ஆழத்தில் ஓட்டையில்லாத குழாயும் அமைய வேண்டும். 12 அடி தப்பினால் ஊற்றுக்கு எதிரே மூடிய குழாய் வந்து நின்றுவிடும். இருந்த தண்ணீரும் போய்விடும். மேலும் ஆறரை அங்குலத் துளைக்குள் ஐந்து அங்குலக் குழாயை இறக்கிவிட்டால், அதற்குப் பின் நான்கு அங்குல மோட்டார்தான் போகும். ஏற்கெனவே உள்ள ஆறு அங்குல மோட்டாரை ஓரம் கட்ட வேண்டியதுதான்.

சக்கரத்தைச் சோதிப்பது எளிது. கேசிங் எத்தனை அடி இறக்கப்பட்டது என்பது போர் போட்ட அன்று கொடுத்த பில்லில் இருக்கும். காமிரா கேசிங்கின் அடியைத் தாண்டும்போது திரையில் அதே கணக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லையென்றால் அந்த வித்தியாசத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். சிலர் கேபிளிலேயே 50 அடிக்கு ஒரு வர்ணப் பட்டை சுற்றி வைத்திருக்கிறார்கள். கருவிக்காரர் சொல்லும் எண்ணை விட இந்தப் பட்டை நம்பகமானது.

வாங்குவதானால்

தலை எத்தனை அடி நீர் தாங்கும் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. கேபிளும் அதன் இணைப்பும் எவ்வளவு தாங்கும் என்று தனியே எழுதி வாங்க வேண்டும். 300 மீட்டர் கேபிள் கொடுத்திருப்பதால் தலை 300 மீட்டர் நீர் தாங்கும் என்று அர்த்தமில்லை. கேபிளின் நடுவே பளுவைத் தாங்கும் எஃகு இழையோ அதற்கு ஈடான நாரோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறுந்த கேபிளை வெட்டி மறுபடி தலையில் பூட்ட உள்ளூரில் ஆள் உண்டா, ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்குமா என்பவை விலையை விட முக்கியமான கேள்விகள். கீழ்நோக்கி மட்டும் பார்க்கும் காமிராவை விட, பக்கவாட்டிலும் திரும்பிப் பார்ப்பது சுவரைக் காட்டும். ஆனால் சுழலும் பகுதி கூடுவதால் நீர் புக இன்னொரு வழியும் கூடுகிறது.

பணம் முழுவதையும் கொடுக்கும் முன் நீர் நிறைந்த ஆழமான போர் ஒன்றில் கடைசி அடி வரை இறக்கி அரை மணி நேரம் நிறுத்தி வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். மறுநாள் காலையில் கண்ணாடியின் உட்புறத்தில் ஈரம் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். உத்தரவாதச் சீட்டை முழுக்கப் படிப்பது அவசியம். நீர் புகாது என்று சொல்லி விற்கும் பொருள்கள் பலவற்றில், நீர் புகுந்து ஏற்படும் பழுதுக்கு உத்தரவாதம் இல்லை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. சொன்ன ஆழத்தில் சொன்னபடி வேலை செய்யாவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. தொழிலுக்கு வாங்கிய பொருள் என்றாலும், சுயமாக உழைத்துப் பிழைப்பதற்காக வாங்கியதென்றால் சட்டம் அவரை நுகர்வோராகவே கருதுகிறது. பில் இல்லாமல் வாங்கியவருக்கு இந்த வழி மிகவும் கடினம்.

வாடகைக்கு அழைப்பவர்கள் படத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தேதி, நீர்மட்டம், கேசிங் ஆழம், வெடிப்பு தெரிந்த ஆழங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மின் இணைப்பு அட்டையோடு சேர்த்து வைத்தால், மூன்று ஆண்டு கழித்து மறுபடி பார்க்கும்போது எங்கே சரிந்திருக்கிறது என்று ஒப்பிட்டுச் சொல்லலாம்.

வேலை நடக்கும்போது ஸ்டார்ட்டரில் மட்டுமல்ல, மெயின் சுவிட்சிலும் மின்சாரத்தை நிறுத்தி ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். குழாய்களை மேலே எடுக்கையில் தலைக்கு மேல் மின் கம்பி செல்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நீர் தெளிவதற்காகக் காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று நாளும் துளை திறந்தே கிடக்கும். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் பயன்பாட்டில் இல்லாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை, உள்ளே காமிரா விட்டுப் பார்த்தும், பக்கத்தில் குழி தோண்டியும், நான்கு நாள் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. சாக்கைக் கட்டி வைப்பதும் பலகையைச் சாய்த்து வைப்பதும் மூடி ஆகாது. கேசிங் வாயில் இரும்பு மூடியைப் போட்டு போல்ட் முடுக்கிவிட்டுத்தான், மோட்டாரைக் கழற்றியவர்களைச் சாப்பிட அனுப்ப வேண்டும்.